கதிர்காமக் காட்டுவழி: யாத்திரையும் காவலும்

ஈழத்துச் சைவமக்களிடத்தில் யாத்திரை என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது கதிர்காமமே. இன்று கொழும்பிலோ மட்டக்களப்பிலோ காலையிற் பேருந்து ஏறியவர் அன்று மாலையே மாணிக்க கங்கையில் முழுகிச் சந்நிதியில் நிற்கலாம். எமது பாட்டன் பாட்டியார் காலத்தில் அஃது அவ்வளவு எளிதன்று. யாழ்ப்பாணத்திலிருந்து கால்நடையாகப் புறப்பட்டோர் ஏறக்குறைய ஒன்றரை மாதம் நடந்தே அவ்விடம் சேர்ந்தனர். வழியில் யானை, கரடி, சிறுத்தை, பாம்பு, காய்ச்சல், பசி, தாகம் எல்லாம் இருந்தன. கையில் இருந்ததோ ஒரு தடியும் திருநீற்றுப் பையும், முருகன் காப்பான் என்ற நம்பிக்கையுமே. அந்த நம்பிக்கையின் வரலாற்றைச் சிறிது ஆராய்வதே எமது நோக்கம். அந்நம்பிக்கை வெறும் துணிச்சலா, அறியாமையா, அன்றி வேறொன்றா என்பது இளைஞராகிய எம்மிற் பலர் உள்ளத்தில் எழும் வினா. பெரியோரிடம் கேட்கக் கூசுகின்றோம். ஆயினும் கேட்கவேண்டிய வினாவேயாம்.

முதலில் வழியைக் கூறுவோம். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் வேலெடுத்துப் புறப்படும் அடியார் கூட்டம் வன்னியூடாக முல்லைத்தீவை அடைந்து, வற்றாப்பளை அம்மனை வணங்கிக் கடற்கரையோரமாகத் திருகோணமலைக்கு வரும். கோணேசர் தரிசனத்தின் பின் கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூர், வெருகல், வாகரை, சித்தாண்டி, மாமாங்கம், மண்டூர், திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று தெற்கு நோக்கி நடக்கும். செல்லுமிடமெல்லாம் கூட்டம் பெருகும். இவ்வளவு தூரமும் ஊர்கள் உண்டு, கோயில்கள் உண்டு, சோறிட்டு உபசரிக்கும் நல்லோர் உண்டு. உகந்தைமலை முருகன் கோயிலைக் கடந்த பின்னரே மெய்யான காடு. அங்கிருந்து குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று நாலைந்து நாள் மனித வாசமற்ற வனத்தூடே நடந்தாற்றான் கதிர்காமம். மொத்தம் 300 மைலுக்கு மேற்பட்ட வழி. அக்காட்டின் ஒரு பகுதி 1938இல் யால தேசிய வனமாக அறிவிக்கப்பட்டது. மனிதர் புகுவதற்குத் தடைசெய்து விலங்குகளுக்கென்றே ஒதுக்கிய காடு என்றால் அதன் தன்மையை வாசகரே ஊகிக்கலாம்.

இங்கே கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. யாத்திரைக்குரிய காலம் ஆடி மாதம். வடகீழ்ப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் கிழக்குக் கரை முழுவதையும் வெள்ளக்காடாக்கும். வெருகலாறும் குமுக்கன் ஆறும் பெருகிப் பாயும்போது ஓடமின்றி எவரும் கடத்தல் இயலாது. ஆடியிலோ கச்சான் காற்று வீசும். ஆறுகள் வற்றி முழங்கால் அளவுக்கும் கீழே வரும். சில வெறும் மணற்படுக்கையாகவே கிடக்கும். ஆகவே நடப்பதற்கு ஆடியே தக்க காலம். ஆனால் அதே வறட்சி வேறோர் ஆபத்தைக் கொண்டுவரும். காட்டிலுள்ள நீர்நிலைகள் வற்றிச் சிலவே எஞ்சுமாதலால், யானைக்கூட்டமும் அடியார் கூட்டமும் ஒரே குட்டையை நாடும். எனவே பொழுது சாய்வதற்கு முன்னரே தண்ணீர் எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுதல் வழிவழியாக வந்த ஒழுங்கு. நீரில்லாத ஆற்றில் மணலைத் தோண்டி ஊற்றுக் காணல், இரவில் தீ வளர்த்து நடுவே பெண்களையும் பிள்ளைகளையும் கிடத்தல், யானையை அதன் பெயரால் அழையாதிருத்தல், கூட்டத்தைப் பிரிந்து தனியே செல்லாதிருத்தல், முன்பு பலமுறை நடந்த ஒருவரைத் தலைவராகக் கொண்டு அவர் சொல்லைத் தட்டாதிருத்தல் ஆகிய இவையெல்லாம் அடியார் கைக்கொண்ட விதிகள். வழியில் எல்லோரும் எல்லோருக்கும் ‘சாமி’. சாதிப்பெயரும் உத்தியோகப்பெயரும் உகந்தைக்கு இப்பாலே நின்றுவிடும். அவை திரும்பி வரும்போது மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன என்பது வேறு கதை.

ஆதலால் கடவுளை நம்பி நடந்தோர் கண்ணை மூடிக்கொண்டு நடந்தோர் அல்லர். அரிசி எத்தனை கொத்து, அடுத்த தண்ணீர் எத்தனை மைல், எந்த இடத்தில் எந்த விலங்கு என்று கணக்கிட்டு நடந்தவர்கள். ‘வேலும் மயிலும் துணை’ என்று சொல்லிய வாய்தான் ‘விறகு பொறுக்கியாயிற்றா’ என்றும் கேட்டது. அவர்களுக்கு இவ்விரண்டும் முரண்பட்டவையாகத் தோன்றவில்லை.

நாம் கல்வி கற்றது கிறித்தவ மிஷன் பாடசாலையொன்றில். வேதாகம வகுப்பில் நாம் கேட்ட கதைகளுள் ஒன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. இயேசுநாதரைக் கோயிலின் உச்சிக்குக் கொண்டுபோன சாத்தான், தேவதூதர் உம்மைக் கையில் ஏந்துவர் என்று வேதமே கூறுகின்றதே, கீழே குதியும் என்கின்றான். கடவுளைச் சோதித்தல் ஆகாது என்று அவர் மறுத்துவிடுகின்றார். நம்புதல் ஒன்று, சோதித்துப் பார்த்தல் வேறொன்று என்பதை இக்கதை தெளிவாக உணர்த்துகின்றது. அன்று அதைப் பரீட்சைக்காகவே படித்தோம். கதிர்காம வழியைப்பற்றி முதியோர் சொல்லக் கேட்டபின்னரே அதன் பொருள் எமக்கு நன்கு விளங்கிற்று. யானை நிற்கும் குட்டைக்கு இரவிற் சென்று முருகன் காப்பான் என்று சொல்பவன், அவனை நம்புகிறவன் அல்லன். அவனுக்குப் பரீட்சை வைப்பவன்.

எமது சைவ மரபிலும் இவ்வினா எழுந்ததுண்டு. யாழ்ப்பாணக் கரைக்கு எதிரே கடலுக்கு அப்பால் இருக்கும் திருமறைக்காட்டில், ஏழாம் நூற்றாண்டில், அப்பரும் சம்பந்தரும் ஒருங்கிருந்தனர். பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் மதுரைக்கு வருமாறு சம்பந்தருக்குத் தூது அனுப்புகின்றனர். அரசனோ சமணச் சார்பினன். அப்பர் தடுக்கின்றார்: சமணர் செய்யும் தீங்குக்கு எல்லையில்லை, கோள்நிலையும் நன்றாக இல்லை, போகவேண்டா என்கின்றார். சம்பந்தர் கோளறு பதிகம் பாடிப் புறப்படுகின்றார். இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் சம்பந்தரின் துணிவைப் புகழ்ந்துவிட்டு அப்பரைக் கடந்து போய்விடுவர். அது சரியன்று என்பது எமது எண்ணம். நீற்றறையில் அடைக்கப்பட்டவர் அப்பர், நஞ்சு ஊட்டப்பட்டவர், யானைக்காலில் இடறவிடப்பட்டவர், கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டவர். அத்தனையிலும் இறைவன் காவலைக் கண்ட ஒருவர், நம்பிக்கை குறைந்து ‘போகவேண்டா’ என்று சொல்லியிருப்பாரா? அபாயம் இன்னதென்று உடம்பால் அறிந்தவராதலின், பிள்ளைமேல் வைத்த அன்பினால் தடுத்தார். மதுரையில் சம்பந்தர் தங்கிய மடத்துக்குத் தீ வைக்கப்பட்டது எனப் பெரியபுராணம் கூறுவதைக் காணுங்கால், அப்பர் அஞ்சியது வீண் அச்சமன்று என்பது தெரிகின்றது.

அதே அப்பர் முதுமையிற் கயிலைக்குப் புறப்பட்டார். கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும் ஊர்ந்தார். இறைவன் அவரைக் கயிலைக்குக் கொண்டுசெல்லவில்லை. திரும்புக என்று சொல்லித் திருவையாற்றிற் காட்சி கொடுத்தான். ஆகவே, காவல் என்பது சில வேளை வழியைத் திறப்பதாகவும், சில வேளை வழியை அடைப்பதாகவும் வரும் போலும்.

இனி இலங்கை வரலாற்றுக்கு வருவோம். 1344இல் இபுன் பதூதா என்னும் மொறோக்கோ நாட்டு முசிலிம் யாத்திரிகர் மாலைதீவிலிருந்து கப்பலில் வந்து புத்தளப் பகுதியில் இறங்கினார். அங்கே அவரை வரவேற்றவன் எமது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. வேண்டியதைக் கேளும் என்று மன்னன் சொல்ல, அவர் முத்தையோ பொன்னையோ கேளாது, பாதமலையைத் தரிசிக்க வழி மட்டும் வேண்டினார். மன்னன் பல்லக்குக் கொடுத்து, ஆண்டுதோறும் அம்மலைக்குப் போய்வரும் யோகியர் 4 பேரையும், பிராமணர் 3 பேரையும், தன் ஆட்கள் 10 பேரையும், உணவு சுமப்போர் 15 பேரையும் உடன் அனுப்பினான் என்று அவரே எழுதியிருக்கின்றார். சைவ மன்னன் ஒருவன் முசிலிம் ஒருவரைப் பௌத்தர் போற்றும் மலைக்கு இந்து யோகியரின் துணையோடு அனுப்பிய செய்தி இது. எமது பாடப்புத்தகங்களில் போர்களுக்குக் கொடுக்கும் இடத்திற் சிறிது இதற்கும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்!

அவர் அம்மலைவழியிற் கேட்ட கதை ஒன்றையும் எழுதிவைத்தார். முற்காலத்தில் முசிலிம் பெரியார் ஒருவர் அடியார் முப்பதின்மரோடு அக்காட்டில் வழிதவறினார். பசி பொறுக்காத அடியவர் யானைக்கன்று ஒன்றைக் கொன்று தின்றனர். பெரியார் தடுத்தும் கேளார். அவர் மாத்திரம் உண்ணவில்லை. இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துக் கொன்றன. பெரியாரை முகர்ந்தபின், ஒன்று துதிக்கையால் தூக்கி முதுகில் இருத்தி ஊரருகே கொண்டுவந்து விட்டது. கதை கதையாக இருக்கட்டும். ஆனால் காட்டிலே உயிருக்குத் தீங்கு செய்யாதவனுக்கே காட்டின் காவல் கிடைக்கும் என்ற எண்ணம், கதிர்காம அடியாரிடத்தும் வேடரிடத்தும் முசிலிம்களிடத்தும் ஒன்றுபோல இருந்தமை நோக்கற்பாலது.

கதிர்காமத்தைப்பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றுள் றொபேட் நொக்ஸ் எழுதியது பலர் அறிந்தது. 1660இல் கொட்டியாரக் குடாவிற் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்தவர் அவர். கதிர்காமத் தெய்வத்தின் பெயருக்குச் சிங்கள மக்கள் அஞ்சும் அச்சம் எத்தகையதெனில், அரசனுக்கு எதிராகப் பறங்கியரோடும் ஒல்லாந்தரோடும் சேர்ந்து போரிட்டோரும் அத்திசை வழியாகப் படை கொண்டுபோக ஒருபோதும் உடன்படார் என்று 1681இல் வெளியான தமது நூலிற் குறித்தார். நொக்ஸ் தாமும் ஒரு காட்டுவழிப் பயணி என்பதை நாம் மறத்தலாகாது. 1679இல் தோழர் ஒருவரோடு அநுராதபுரக் காட்டில் இறங்கி, அருவியாற்றைத் துணையாகக் கொண்டு அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையைச் சேர்ந்தார். சிறையிலிருந்த காலத்தில் தாம் பின்னிய தொப்பியொன்றைக் கொடுத்து வாங்கிய வேதாகமமே அவருக்குத் துணை. ஆனால் அந்த வழியை அறிந்துகொள்ளும்பொருட்டுப் பல ஆண்டுகள் சிறுவியாபாரம் செய்வார்போல ஊரூராகத் திரிந்து விசாரித்தவரும் அவரே. செபமும் விசாரணையும் ஒருவரிடத்தே ஒருங்கிருந்தன.

போர்த்துக்கேயப் போர்வீரராக 1658 வரை இலங்கையில் இருந்த யுவான் றிபெய்றோ 1685இல் முடித்த நூலில் ஒரு செய்தி உண்டு. கதிர்காமத்திற் பெருஞ்செல்வம் உண்டெனக் கேள்வியுற்றுக் கொள்ளையிடப் போன படையில் அவரும் இருந்தார். கோயிலுக்குச் சமீபமாக வந்ததும் அவ்வூரவன் ஒருவனைப் பிடித்து வழிகாட்டச் சொன்னார்கள். அவன் காடு அடர்ந்த மலையொன்றைச் சுற்றிச் சுற்றி அழைத்துச் சென்றான், பித்தன்போலப் பிதற்றினான். ஏமாற்றுகின்றான் என்று அவனைக் கொன்றார்கள். அடுத்தவனும் அப்படியே; அவனுக்கு அடுத்தவனும் அப்படியே. ஒருவன் செய்ததை மற்றவன் அறியான். மூவர் கொலையுண்டனர். நான்காமவனும் ஐந்தாமவனும் அதனையே செய்யப் படை வெறுங்கையோடு திரும்பிற்று. அந்தக் கோயிலில் என்ன மாயம் உண்டோ அறியேன் என்ற கருத்துப்பட றிபெய்றோ எழுதுகின்றார்.

இச்செய்தியைக் கூறுவோர் முருகன் தன் கோயிலைக் காத்தான் என்று முடித்துவிடுவது வழக்கம். நாமும் அதை மறுக்கவில்லை. ஆயினும் பெயரறியாத அந்த மூவரை என்ன செய்வது? கோயில் காக்கப்பட்டது, அவர்கள் காக்கப்படவில்லை. அவர்கள் பித்துப்பிடித்தவரா, பித்தரைப்போல நடித்தவரா என்பதை றிபெய்றோ அறியார். நடித்தனர் என்றே எமக்குத் தோன்றுகின்றது. ஒரு சொல் உண்மையாகச் சொல்லியிருந்தால் உயிர் பிழைத்திருப்பர். அவர்கள் நம்பிய காவல் தம் உடம்புக்குரிய காவல் அன்று. இதனை உணராவிடின் பழைய யாத்திரிகரையும் நாம் உணர்ந்துகொள்ள முடியாது. காசிக்கோ கதிர்காமத்துக்கோ கால்நடையாகப் புறப்படும் முதியோர் கடன் தீர்த்து, வீட்டுக் காரியங்களை ஒழுங்குசெய்து, உறவினரிடம் விடைபெற்றே புறப்பட்டனர். திரும்பி வருவோம் என்ற உறுதியோடு அவர்கள் போகவில்லை. வழியில் இறந்தோரை வழியிலேயே அடக்கிவிட்டு மற்றையோர் நடந்தனர். அதனால் முருகன் கைவிட்டான் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆபத்து வராது என்பதன்று அவர்கள் நம்பியது. வந்தாலும் அவன் கையிலேயே இருக்கின்றோம் என்பது. இந்த வேறுபாடு சிறிதன்று. விபத்து நிகழும்போதெல்லாம் ‘கடவுள் எங்கே?’ என்று கேட்கும் எம் தலைமுறை இதனைப் பெரியோரிடம் கேட்டு அறியவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு வகை ஆபத்துத் தோன்றிற்று. 1819இல் கதிர்காமத்தைக் கண்ட வைத்தியர் யோன் டேவி, இலங்கையின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் இந்தியாவின் தொலைதூர இடங்களிலிருந்தும் அடியார் வருதலை எழுதியிருக்கின்றார். இந்தியாவிலிருந்து கூட்டம் வந்தபோது கொலராவும் உடன் வந்தது. மாணிக்க கங்கையில் ஆயிரக்கணக்கானோர் முழுகினர், அந்நீரையே குடித்தனர், நோயைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பினர். கொலரா நீரினாற் பரவுவது என்பதை இலண்டனில் யோன் சினோ 1854இல் எடுத்துக்காட்டினார்; கிருமியைக் கொக் என்பார் 1884இல் நிலைநாட்டினார். ஆனால் ஆற்றங்கரை அடியாருக்கு இவை எப்படித் தெரியும்? அரசாங்கம் யாத்திரிகர் தொகையைக் குறைத்துக் கட்டுப்பாடுகள் விதித்தது. வெள்ளைக்காரன் சமயத்தில் கைவைக்கின்றான் என்று மனம் நொந்தோர் பலர். அவர்தம் மனவருத்தம் எமக்கு விளங்குகின்றது. ஆனால் இவ்விடயத்தில் அரசாங்கத்தின் பக்கமே நியாயம் இருந்தது என்று சொல்லாமல் இருக்க இயலவில்லை. யானைக்கு முன் நிற்பவன் தன் உயிரையே பணயம் வைக்கின்றான். கொலராவைச் சுமந்து வருபவன் அயல்வீட்டுக் குழந்தையின் உயிரைப் பணயம் வைக்கின்றான். பிறர் உயிரைப் பணயமாக வைக்கும் உரிமையைப் பக்தி ஒருவருக்கும் தரவில்லை. கொழும்புச் செட்டியார்கள் இதனை அழகாகத் தீர்த்தார்கள். கதிர்காமம் போகத் தடையேற்பட்டபோது வேலைக் கொழும்பிலேயே தேரில் எழுந்தருளச் செய்தனர். ஆடிவேல் விழா அவ்வாறு 1874இல் தொடங்கிற்று எனக் கூறுவர். அப்பருக்குத் திருவையாறு கயிலையானதுபோல் என்று இதனைச் சொல்லலாம்.

1910ஆம் ஆண்டுத் திருவிழாவை மேற்பார்வை செய்ய அங்கே தங்கியவர் அம்பாந்தோட்டை உதவி அரசாங்க அதிபர் லெனாட் வூல்வ். கடவுள் நம்பிக்கை இல்லாத அவர், அக்காட்டையும் அம்மக்களின் துன்பத்தையும் மறவாது 1913இல் ஒரு நாவலே எழுதினார். கதிர்காமத்தைப்பற்றி ஆராய்ந்தெழுதிய சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1924 தை மாதத்தில் தென்னிந்தியத் தலயாத்திரையின்போது மதுரையில் இறைவனடி சேர்ந்தார். அவருடைய கதிர்காமக் கட்டுரையும் அவ்வாண்டிலேயே றோயல் ஆசியக் கழக இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் வெளிவந்தது. யாத்திரையிலே முடிந்த வாழ்வு அது.

பின்னர் வீதி வந்தது, பேருந்து வந்தது, நடப்போர் குறைந்தனர். 1983க்குப்பின் யுத்தம் வந்தது. விலங்குகளுக்கு அஞ்சாத அடியார் துப்பாக்கிகளுக்கும் கண்ணிவெடிகளுக்கும் அஞ்சவேண்டியதாயிற்று. உகந்தைக்கு அப்பாலுள்ள வனம் 1985 தொடக்கம் பல ஆண்டுகள் மூடப்பட்டுக் கிடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து நடக்கும் வழி அற்றுப்போயிற்று என்றே பலர் எண்ணினர். அந்நாட்களிலும் கிழக்கு மாகாணத்துச் சிறு கூட்டங்கள் முடிந்த மட்டும் நடந்தன. அவர்கள் எந்தச் சோதனைச் சாவடியில் எவ்வளவு நேரம் நின்றனர், எங்கே திருப்பி அனுப்பப்பட்டனர், யார் தண்ணீர் கொடுத்தனர் என்பவை எழுதப்படாத வரலாறு. 2009இல் யுத்தம் முடிந்தபின் செல்வச்சந்நிதியிலிருந்து மீண்டும் கூட்டம் புறப்படலாயிற்று. 2020இல் கொரோனாத் தொற்றுப் பரவியபோது மறுபடியும் கட்டுப்பாடு வந்தது. 1870களில் எழுந்த அதே வாதம் அதே சொற்களில் எழக் கேட்டோம். இப்பொழுது திருவிழாவுக்கு முன் குறித்த சில நாட்களுக்கு மட்டும் உகந்தை வழி திறக்கப்படுகின்றது. தண்ணீர்த் தாங்கிகளும் வைத்திய முகாம்களும் வழியிற் காணப்படுகின்றன. யானைகளும் முன்போலவே காணப்படுகின்றன.

எமது மன்றத்துப் பெரியோரிடம் ஒன்று வேண்டுகின்றோம். 1983க்கு முன் அவ்வழியே நடந்தவர்கள் இன்னும் எம்மிடையே சிலர் உளர். எந்த ஆண்டில், எத்தனை பேர், எவ்வெவ்விடத்திற் தங்கினர், உடன் வந்தோருள் திரும்பாதவர் யார் என்பவற்றை அவர்கள் வாயாற் கேட்டு எழுதிவைக்க இளைஞர் சிலர் ஆயத்தமாயிருக்கின்றோம். கொப்பியும் பேனாவும் எம்முடையவை. நாளையும் நேரத்தையும் அவர்களே குறித்தருளுக.